சிவப்பைத் தாண்ட யார் பொறுப்பு? டி/ஏ 912, டி/டி 912, பேப்பர் லைன் கிளியர்

கேள்வி (கேட்டவர்): தாம்பரம் லோக்கல்

கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் சிவப்பில் நிற்கிறது. ஒரு நிமிஷம் கழித்து, விளக்கு மாறாமலேயே ஊர்ந்து போகிறது. தென்மாவட்டத் தடங்களில் ஹோம் சிக்னல் (ஸ்டேஷனுக்குள் நுழைய விடும் சிக்னல்) பழுதென்றால் ஸ்டேஷனிலிருந்து காகிதமோ ஆளோ வரும்வரை வண்டி அசைவதில்லை. ஜி.ஆர். (ரயில்வே பொது விதிகள்) 3.69, 9.02 இரண்டையும் வாசித்தேன். விதி என்ன என்பது தெரிகிறது, ஏன் அப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

மேற்கு வங்கத்தில் நடந்த ரங்காபாணி ரயில் விபத்துக்குப் பிறகு டி/ஏ 912, டி/டி 912 என்று இரண்டு படிவங்களைப் பற்றிப் பேசினார்களே, அவற்றுக்குள் என்ன வித்தியாசம்? பிளாக் கருவியே (வண்டி அனுப்ப இரண்டு ஸ்டேஷன்களும் சம்மதம் கேட்டுக் கொடுக்கும் கருவி) செத்துவிட்டால் நடுவில் வண்டி இல்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் எதை வைத்துச் சொல்கிறார்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

பதில்: லூப் லைன்

முதலில் சிக்னல் கம்பத்தைப் பாருங்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்பாக ‘ஏ’ இருந்தால் அது ஆட்டோமேடிக். அதை எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் போடுவதுமில்லை, எடுப்பதுமில்லை. முன்னால் தடத்தில் வண்டி இருக்கிறதா என்று கண்டறியும் டிராக் சர்க்யூட் அல்லது ஆக்ஸில் கவுன்டர் (அச்சு எண்ணும் கருவி) சொல்வதைக் காட்டும், அவ்வளவுதான். அங்கே சிவப்புக்கு மூன்று காரணம் இருக்கலாம்: முன்னால் வண்டி நிற்கிறது, தண்டவாளம் உடைந்திருக்கிறது, கருவி பழுது. எது என்று சொல்ல ஆள் கிடையாது. ஆகவே “முன்னால் ஏதோ இருக்கிறது” என்றே வைத்துக்கொண்டு, கண்ணை நம்பி ஓட்டு என்கிறது விதி. பொறுப்பு முழுக்க ஓட்டுநர் தலையில்.

ஜி.ஆர். 9.02 நடைமுறையில் இப்படிப் போகும். சிக்னலுக்கு முன் முழுதாக நிறுத்த வேண்டும். பகலில் 1 நிமிஷம், இரவில் 2 நிமிஷம் காத்திருக்க வேண்டும். அப்போதும் சிவப்புதான் என்றால் ஹாரன் அடித்து, கார்டோடு சிக்னல் பரிமாறிக்கொண்டு நகரலாம். பார்வை தெளிவாக இருந்தால் 15 கி.மீ. வேகம். வளைவு, மூடுபனி, மழை, புழுதி என்று பார்வை மறைந்தால் 10 கி.மீ.க்கு மேல் கூடாது. முன்னால் போகும் வண்டியின் வால் தெரிந்தால் குறைந்தது 150 மீட்டர், அல்லது மின்கம்பங்களுக்கு நடுவே இரண்டு முழு இடைவெளி, விட்டு நிற்க வேண்டும். வண்டி நின்றிருக்கும் நேரத்தில் கார்டு பின்பக்கம் சிவப்பு காட்ட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். சிவப்பைத் தாண்டியதும் தூரத்தில் அடுத்த சிக்னல் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும். அதைப் பார்த்து வேகம் எடுக்கக் கூடாது. அந்தப் பச்சை தனக்கு முன்னால் உள்ள தடத்துக்கான வாக்குறுதி. நீங்கள் இப்போது நிற்கும் துண்டுக்கு அது எதுவும் சொல்லவில்லை. உடைந்த தண்டவாளமோ நின்றுபோன வண்டியோ இருந்தால் இந்தத் துண்டில்தான் இருக்கும். அந்தச் சிக்னலை அடைந்த பிறகுதான் அது காட்டுவதன்படி போகலாம்.

நீங்கள் சொன்ன தென்மாவட்டத் தடங்களில் உள்ளது போன்ற அப்சல்யூட் பிளாக் முறையில் கதையே வேறு. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டி. பின் ஸ்டேஷன் கேட்டு, முன் ஸ்டேஷன் லைன் கிளியர் (தடம் காலி, வண்டியை அனுப்பலாம் என்ற சம்மதம்) கொடுத்தால்தான் லாஸ்ட் ஸ்டாப் சிக்னல் (ஸ்டேஷனை விட்டு வெளியேறும் கடைசி சிக்னல்) போக வழி காட்டும். முன் ஸ்டேஷனின் முதல் ஸ்டாப் சிக்னல் வரைக்கும் மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் போதிய தூரம் காலியாக இருக்க வேண்டும்: மல்டிபிள் ஆஸ்பெக்ட்டில் (இரண்டுக்கும் மேற்பட்ட நிலை காட்டும் சிக்னல்) 180 மீட்டர், டூ ஆஸ்பெக்ட்டில் (இரண்டே நிலை) 400 மீட்டர். இங்கே சிவப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஹோம் சிக்னல் சிவப்பென்றால் உள்ளே பாயின்ட் (தடம் மாற்றும் அமைப்பு) வேறு பக்கம் திரும்பியிருக்கலாம், அதே லைனில் சரக்கு வண்டி நிற்கலாம், குறுக்கே ஷன்டிங் நடக்கலாம். ஓட்டுநர் கண்ணால் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லியே ஆக வேண்டும்.

அவர் சொல்ல நாலு வழி இருக்கிறது. பின்னால் உள்ள ஸ்டேஷனிலேயே “இன்ன சிக்னல் பழுது” என்று எழுத்தில் தெரிவித்து, அந்தச் சிக்னலடியில் சீருடையில் ஒரு ஊழியர் நின்று கைசிக்னல் காட்டலாம். டி/369(3பி) படிவத்தை வண்டியில் கொண்டுவந்து கொடுக்கலாம். காலிங்-ஆன் சிக்னல் (மெதுவாக உள்ளே வரச் சொல்லும் சின்ன சிக்னல்) போடலாம் (வண்டி சிக்னலடியில் வந்து நின்ற பிறகுதான் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரியும்). சிக்னல் கம்பத்தில் போன் இருந்தால் பிரைவேட் நம்பரோடு (சொன்னதை உறுதிப்படுத்தும் ரகசிய எண்) பேசலாம். எந்த வழியானாலும் மாஸ்டர் முதலில் பாதையில் உள்ள பாயின்ட்கள் சரியாக அமைந்து பூட்டியிருப்பதை உறுதி செய்ய வேண்டும். பேனலில் பாயின்டின் நிலை தெரியவில்லை என்றால் பாயின்ட்ஸ்மேன் நேரில் போய் கிளாம்ப் போட்டுப் பூட்ட வேண்டும். இன்டர்லாக் (சிக்னலோடு பிணைப்பு) இல்லாத எதிர்முகப் பாயின்ட் (வண்டி போகும் திசையில் தடம் பிரியும் பாயின்ட்) மேல் 15 கி.மீ. தான். “ஆள் வரும்வரை அசையவில்லை” என்று நீங்கள் பார்த்த தாமதத்தில் பெரும்பகுதி இந்த நடைதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: தாம்பரம் தடத்திலும் எல்லாச் சிக்னலும் ஆட்டோமேடிக் இல்லை. கிராஸ்ஓவர் (தடம் மாறும் இணைப்பு), லூப் (பக்கத் தடம்) உள்ள இடங்களில் செமி-ஆட்டோமேடிக் இருக்கும். அதில் ‘ஏ’ விளக்காக எரியும். எரிந்தால் ஒரு நிமிஷ விதி பொருந்தும். அணைந்திருந்தால் அது மாஸ்டர் கையில் உள்ள சாதாரண ஸ்டாப் சிக்னல். ஒரு மணி நேரம் ஆனாலும் நின்றே ஆக வேண்டும்.

பதில்: நைட் டூட்டி

912 விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஆட்டோமேடிக் பகுதிப் படிவங்கள். நோக்கம் வேறு.

டி/ஏ 912 குறிப்பிட்ட சிக்னல்களைச் சிவப்பில் தாண்ட அனுமதி. செக்‌ஷன் காலி என்று அது எங்கும் உறுதி சொல்வதில்லை. முன்னால் இன்னொரு வண்டி இருக்கலாம் என்ற எண்ணத்தோடே ஓட்ட வேண்டும்.

டி/டி 912 நீண்ட நேரப் பழுதுக்கானது. அதைக் கையில் எடுத்த கணமே அந்தப் பகுதி இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான ஒரே பிளாக் ஆகிவிடுகிறது. முன் ஸ்டேஷனிடம் லைன் கிளியர், பிரைவேட் நம்பர் வாங்கி, ஒரு வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. அதாவது கண்ணை நம்பும் முறையிலிருந்து மாஸ்டர் வாக்கை நம்பும் முறைக்கு மாறுகிறோம்.

2024 ஜூன் 17 அன்று ரங்காபாணி–சட்டர்ஹாட் இடையே காலை 5.50 முதல் ஆட்டோமேடிக் சிக்னல்கள் வேலை செய்யவில்லை. கொடுக்கப்பட்டது டி/ஏ 912. 8.27க்கு கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் கிளம்பியது. 8.42க்கு அதே படிவத்தோடு ஒரு சரக்கு வண்டி கிளம்பிப் பின்னால் மோதியது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை இரண்டு விஷயங்களைப் பிடித்தது. ஒன்று, டி/டி 912 கொடுத்திருக்க வேண்டிய நிலைமை அது. மற்றொன்று, கொடுத்த படிவத்தில் வேகம் எழுதவில்லை. அன்று காலை அந்தப் பகுதியில் போன வண்டிகளில் 15 கி.மீ. வேகத்தையும் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிஷ நிறுத்தத்தையும் கடைப்பிடித்தது கஞ்சன்ஜங்கா மட்டும்தான். மற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். “தாண்ட அனுமதி” என்பதை “வழி காலி” என்று படித்தால் 15 கி.மீ.க்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். விதியைச் சரியாகப் பின்பற்றிய வண்டிதான் பின்னால் அடி வாங்கியது என்பது கொடுமை. ஒருவர் ஊர்ந்து, அடுத்தவர் ஓடினால் இடைவெளி தானாகக் கரைந்துவிடும்.

ஒரே காகிதத்தை ஆளுக்கொரு விதமாகப் படிக்க முடிகிறது என்றால் ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேகம் படிவத்திலேயே அச்சாகி இருக்க வேண்டும், கையால் எழுத விட்டிருக்கக் கூடாது. இது என் கருத்து.

தாம்பரம் லோக்கல்

இரண்டு பேருக்கும் நன்றி. அடுத்த சிக்னல் பச்சையாக இருந்தாலும் வேகம் எடுக்கக் கூடாது என்பதன் காரணம் இப்போதுதான் விளங்கியது. பிளாக் கருவி பழுது பற்றி யாராவது?

பதில்: பழைய டோக்கன்

கருவி போனால் லைன் கிளியர் கேட்கும் வழிகளுக்கு ஒரு வரிசை உண்டு. பிளாக் கருவியோடு இணைந்த போன், அடுத்து ஸ்டேஷன்-ஸ்டேஷன் நேரடி போன், பிறகு ரயில்வே ஆட்டோ போன் அல்லது பி.எஸ்.என்.எல்., அதற்கும் பிறகு கன்ட்ரோல் போன் (பல ஸ்டேஷன்களுக்கும் பொதுவான லைன்), கடைசியில் வி.எச்.எஃப். (வாக்கி-டாக்கி). பயணிகள் வண்டி ஓடும் பகுதியில் வி.எச்.எஃப். மட்டுமே ஒரே வழி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மேலே உள்ளது கிடைக்கும்போது கீழே இறங்கக் கூடாது. அவசரத்தில் கன்ட்ரோல் போனில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க லைன் கிளியர் பேசினால், யார் யாருக்குச் சொன்னது என்பதே குழம்பிவிடும்.

கேட்பவரும் கொடுப்பவரும் வண்டி எண்ணை முழுதாகச் சொல்லி, பிரைவேட் நம்பர் பரிமாறி, இரண்டு பேரும் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுத வேண்டும். பிரைவேட் நம்பர் ஒரு ரகசியப் புத்தகத்திலிருந்து வரிசையாக எடுத்து அடிக்கப்படும் இரண்டு இலக்க எண். மனதில் தோன்றிய எண்ணைச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பிறகு ஓட்டுநருக்குப் பேப்பர் லைன் கிளியர்: அப் திசைக்கு டி/சி 1425, டவுன் திசைக்கு டி/டி 1425. வண்டி எண், ஸ்டேஷன் பெயர், பிரைவேட் நம்பர், நேரம் எதிலும் அடித்தல் திருத்தல் கூடாது. தப்பானால் ரத்து செய்து புதிது எழுத வேண்டும். ஓட்டுநர் வாங்கியதும் திசையையும் பிளாக் செக்‌ஷன் பெயரையும் படித்துப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

“காலி என்று எதை வைத்துச் சொல்கிறார்” என்றீர்கள். முந்தைய வண்டியின் கடைசிப் பெட்டியை வைத்து. பகலில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) பலகை, இரவில் சிவப்பு வால் விளக்கு. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுதாக வந்தது என்று அர்த்தம். இன்ஜின் வந்துவிட்டது என்பது எதையும் நிரூபிக்காது. கப்ளிங் விட்டு பாதி ரேக் நடுவழியில் நிற்கலாம். 1995 ஆகஸ்ட் 20 ஃபிரோசாபாத்தில் நடந்தது இந்தச் சரிபார்ப்பு விடுபட்டதால்தான். நீல்காய் (மான் வகை விலங்கு) மேல் மோதி நின்றுபோன காளிந்தி எக்ஸ்பிரஸ் போய்விட்டதாக நினைத்து, பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸை விட்டார்கள். 300க்கும் மேல் உயிர் போனது.

இப்போது பல இடங்களில் ஆக்ஸில் கவுன்டர் இந்த வேலையைச் செய்கிறது. உள்ளே போன அச்சும் வெளியே வந்த அச்சும் சமமானால் காலி. எண்ணிக்கை பிசகினால் காலித் தடத்தையே “வண்டி இருக்கு” என்று காட்டும். அப்போது ரீசெட் பட்டனைத் தட்டிவிட்டுப் பச்சை போட முடியாது. கடைசி வண்டி முழுதாக வந்ததை இரண்டு பக்கமும் உறுதி செய்து ரீசெட் செய்தாலும் கருவி உடனே ‘கிளியர்’ காட்டாது. அடுத்த ஒரு வண்டியைப் பேப்பரில் அனுப்பி, அதன் உள்-வெளி எண்ணிக்கை சரியாக வந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்குப் பெயர் பிரிப்பரேட்டரி ரீசெட். முதல் வண்டி மட்டும் தாமதமாகி, பின்னால் வருவது ஜம்மென்று போவதன் காரணம் இதுதான்.

சிங்கிள் லைனில் டோக்கன் இருந்த காலத்தில் இந்த உறுதி கையில் பிடிக்கிற பொருளாக இருந்தது. டோக்கன் கொடுக்கும் நீல் கருவியிலிருந்து பந்து (அதுதான் டோக்கன்) ஒன்று வெளியே வந்தால், அது ஏதாவதொரு முனையில் திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பக்கமும் வேறு பந்து வராது. எது தவறாகும்? அவசரத்தில் பக்கத்துச் செக்‌ஷன் பந்தைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவது. அதனால்தான் பந்தில் பொறித்த ஸ்டேஷன் குறியீட்டை ஓட்டுநர் படிக்க வேண்டும். இன்னொரு தலைவலி, போக்குவரத்து ஒரே திசையில் கூடுதலாக இருந்தால் பந்தெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் காலியாகும். சிக்னல் பராமரிப்பாளர் வந்து முறைப்படி மாற்றிவைக்க வேண்டும்.

பதில்: நைட் டூட்டி

மேலே சொன்ன போன் எதுவுமே வேலை செய்யாவிட்டால் என்ன என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

டபுள் லைனில் டி/சி 602 படிவம். லைன் கிளியர் இல்லாமலே போகிற அனுமதி அது. பார்வை தெளிவாக இருந்தால் 25 கி.மீ., இல்லாவிட்டால் 10. ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் 30 நிமிஷ இடைவெளி. எதிர்த் திசை வண்டிக்குத் தனித் தடம் இருப்பதால் இது செல்லும்.

சிங்கிள் லைனில் அப்படி நேரம் விட்டு அனுப்ப முடியாது, எதிரில் வந்துவிடுவான். அதனால் முதலில் டி/பி 602 கொடுத்து ஒரு தனி இன்ஜினையோ மோட்டார் டிராலியையோ டவர் வேகனையோ அனுப்பித் தொடர்பைத் திறக்க வேண்டும். தெளிவான பார்வைக்கு 15 கி.மீ., மற்றபடி 10. அதன் கையில் டி/ஈ 602 கேள்விப் படிவம் போகும். மறுபக்க மாஸ்டர் டி/எஃப் 602இல் பதில் எழுதி, காத்திருக்கும் வண்டிக்கான நிபந்தனை லைன் கிளியரோடு அந்த இன்ஜினையே திருப்பி அனுப்புவார். அது வந்து சேரும்வரை பிளாட்பாரத்தில் நிற்கும் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டியதுதான்.