லேசர் அடிச்ச பிறகு கால் விறைக்கிது, நரம்பு பழுதாகுமா? அவசரம்

காத்தான்குடி நானா: சலாம். உம்மாக்கு கால்வலிக்கு லேசர் அடிச்சிட்டு வந்தம், அண்டைக்கு நல்லாத்தான் இரிந்தா, மத்த நாள்ல இரிந்து விறைக்கிது ஊசி குத்துற மாதிரி இரிக்கி எண்டு செல்றா. லேசரால நரம்பு செத்துப் போகுமா? நாளைக்கி திரும்பவும் வரச் சொல்லிரிக்காங்க, கெதியா செல்லுங்க

கல்லடியான்: கால்ல எந்த இடம்? முழங்காலா குதியா? வயசு என்ன, சீனி வருத்தம் இருக்கா?

ஏறாவூரான்: பவரக் கூட்டி வெச்சிருப்பான், வேறொண்டுமில்ல

பழம்புளி: எந்த லேசர் எண்டு கேட்டுட்டு வந்து எழுதுங்க தம்பி. லேசரப் பவர வெச்சு வகுப்பாப் பிரிச்சிருக்கு. 3பி வகுப்பு 500 மில்லிவாட்டுக்குள்ள, சூடு பெருசாத் தெரியாது. 4ஆம் வகுப்பு அதுக்கு மேல, ஒரே இடத்தில வெச்சிட்டு நிண்டா தோல் வெந்துரும், கறுத்த தோல் கதிர இன்னும் கூட இழுக்கும். இதொண்டும் சொல்லாம நரம்பு சாகுமா எண்டா நாங்க என்ன சாத்திரமா பாக்கிற?

கல்முனை பிசியோ: ஏசாதீங்க அண்ணா, பயத்தில கேக்கிறார். 808, 830 நானோமீட்டர் அலைநீள லேசர் வலியக் கொண்டு போற மெல்லிய நரம்பிழையள கொஞ்ச நேரத்துக்கு மந்தமாக்கும், வலி குறையிறதுக்கு அதும் ஒரு காரணம், பிறகு தானா சரியாகும். அளவா அடிச்சா நரம்பு சாகிறல்ல. மத்த நாள் நோவு கூடுறது சிலருக்கு வாறதுதான். ஆனா விறைப்பு விடாம நிண்டா சீனியா, இல்லாட்டி நாரி எலும்புக்கிடையில இருக்கிற டிஸ்க் நரம்ப அமத்துதா எண்டு பாக்கணும். விறைச்ச காலுக்குச் சூடு தெரியாது, சுட்டாலும் சொல்ல மாட்டா, அதால இப்பவே கொப்புளம் இருக்கா எண்டு விரலிடுக்கு வரைக்கும் பாருங்க. பாதம் தூக்க ஏலாமத் தொங்கினா, இல்லாட்டி சலம் போறது தெரியாமப் போனா நாளைக்கு எண்டு நிக்காம உடனே பெரியாஸ்பத்திரி. கண்ணுக்கு கண்ணாடி குடுத்தாங்களா?

வாழைச்சேனை மச்சான்: லேசர் என்ன புதுசா, ஆஸ்பத்திரில ஓசில சிவப்பு லைட் பிடிக்கிறதும் அதானே

பழம்புளி: அது இன்ஃப்ராரெட் லாம்பு, சூடு காட்டுற சாமான். பல்புக்கும் லேசருக்கும் வித்தியாசம் தெரியாதவங்களெல்லாம் வைத்தியம் சொன்னா இப்பிடித்தான்

வாழைச்சேனை மச்சான்: ஓம் நீங்க பெரிய ஆள்தான். அந்த பல்புலதான் எங்கட அம்மம்மா எழும்பி நடந்தவ

ஏறாவூரான்: ரெண்டுக்கும் முதல் எண்ணெய் போட்டு நல்லா உருவணும்

கல்முனை பிசியோ: எண்ணெயோட லேசர் அடிக்கப்படாது, துடைச்சிட்டுத்தான்

ஏறாவூரான்: துடைக்கிறதுக்கு எதுக்குக்கா எண்ணெய் போடுற

காத்தான்குடி நானா: குதிதான். சீனி இரிக்கி, கனகாலம். கொப்புளம் இல்ல. விறைப்பு முந்தியும் இரிந்ததாம், ரெண்டு கால்லயும், இப்ப கேட்டாத்தான் செல்றா. கண்ணாடி அடிச்சவர் மட்டும்தான் போட்டிருந்தார். நாளைக்கி லேசர் வேணாம், சீனி கிளினிக்குக்கு கொண்டு போறம்

கல்முனை பிசியோ: நல்லம். கண்ணாடி நோயாளிக்கும் கட்டாயம், அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா விழித்திரையச் சுடும். சும்மா வெயில் கண்ணாடியும் சரிவராது. கிளினிக்ல நைலோன் இழையால உள்ளங்காலத் தொட்டு உணர்ச்சி இருக்கா எண்டு பாக்கச் சொல்லிக் கேளுங்க

வாழைச்சேனை மச்சான்: மிச்ச நாளுக்கும் சல்லி கட்டியிருந்தா திருப்பிக் கேளுங்க நானா