14 நாள் தங்கிப் போன நாடு: 2021-இல் சுற்றுவழியில் வேலைக்கும் படிப்புக்கும் போனவர்களின் அனுபவங்கள்

காத்மாண்டு வழியாக ரியாத்

கொரோனா காரணமாக 2021 பிப்ரவரி 3 அன்று சௌதி அரேபியா 20 நாடுகளிலிருந்து ஆட்கள் வருவதை நிறுத்தியது. பட்டியலில் இந்தியா இருந்தது. அதைவிடப் பெரிய அடி, ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. அதுவரை நம் ஆட்கள் துபாயில் 14 நாள் தங்கிவிட்டுத்தான் சௌதிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு துபாய் அறைகளில் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். ரியாத்தில் வேலை பார்த்துக்கொண்டு லீவில் ஊருக்கு வந்திருந்த நானும் அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

இதை அனுபவிக்காதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அந்தத் தடையில் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று யாரும் பார்க்கவில்லை. கடைசி 14 நாள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் பார்த்தார்கள். அதனால் பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் 14 நாளைக் கழித்தால் உள்ளே போகலாம். நேபாளம், பஹ்ரைன், மாலத்தீவு, எத்தியோப்பியா என்று ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எந்த வழி எந்த இரவில் அடைபடும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

இக்காமா என்னும் வசிப்பு அட்டையையும், லீவு முடிந்து திரும்புவதற்கான ரீ-என்ட்ரி விசாவையும் சௌதி அரசு இலவசமாகவே பலமுறை நீட்டித்துக் கொடுத்தது. அது பெரிய உதவி, மறக்கக் கூடாது. ஆனால் ஊரில் உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. "இந்த மாசத்துக்குள்ள வந்துடு, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்று எங்கள் ஃபோர்மேன் போனில் சொன்னார். மிரட்டவில்லை, என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஏப்ரல் 6 ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு, அந்த வாரமே டெல்லி வழியாகக் காத்மாண்டுக்குக் கிளம்பினேன். டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, பரிசோதனை எல்லாம் சேர்த்து ட்ராவல்ஸ்காரர்கள் பேக்கேஜாக விற்றார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியது. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் நகைக்கடன் வாங்கி வந்தவர்கள்.

தமேல் பகுதியில் ஓர் ஓட்டல், ஓர் அறைக்கு மூன்று பேர். எனக்கு வாய்த்த இருவரில் ஒருவர் கடையநல்லூர்க்காரர், பல வருடமாக ரியாத்தில் டிரைவர். எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம். இன்னொருவன் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, ஏசி மெக்கானிக். வந்திறங்கியதும் தெரிந்துகொண்ட முதல் சங்கதி, நேபாளத்தில் அப்போது 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் செல்லாது என்பது. 500 ரூபாய்க் கட்டுகளோடு வந்த ஆட்கள் ஒரு சிம் கார்டு வாங்க முடியாமல் நின்றார்கள். பாயிடம் 100 ரூபாய் நோட்டாகவே ஒரு கட்டு இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கணக்கு எழுதிக்கொள்ளாமல் கொடுத்தார்.

அந்த வருடம் ஏப்ரல் 14 எங்களுக்குத் தமிழ்ப் புத்தாண்டு, நேபாளிகளுக்கும் புத்தாண்டு, பாய்க்கு நோன்பின் முதல் நாள். ஓட்டல் சமையல்காரர் எங்களுக்கு இனிப்பு கொண்டுவந்து வைத்தார். பாய்க்கு மட்டும் ஸஹர் நேரத்தில் சாப்பாடு வேண்டும் என்று தம்பி அரைகுறை இந்தியில் பேசிப் புரியவைத்தான். அன்றிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் அந்தச் சமையல்காரர் சப்பாத்தியும் பருப்பும் சூடாகக் கொண்டுவந்து கதவைத் தட்டுவார். யாரும் அவருக்குக் கூடுதல் காசு கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த மனிதரின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம். ஆனால் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குப் பறப்பதற்கு இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி இருந்தது. கூட்டம் தாங்காமல் போனதும், ஏப்ரலிலேயே விமானத்தில் வந்து இந்தியக் குடிநுழைவு முத்திரை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சான்று தேவையில்லை என்று தளர்த்தினார்கள். எல்லையைத் தரைவழியாகக் கடந்து வந்தவர்கள் பாவம். அந்த வழியில் இந்தியர்களுக்கு முத்திரை அடிப்பதே கிடையாது. 14 நாளை எதைக் காட்டி நிரூபிப்பது? ஓட்டல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எங்களை ஆட்டிவைத்தது 72 மணி நேரக் கணக்குதான். ஆர்டி-பிசிஆர் சாம்பிள் கொடுத்து 72 மணி நேரத்துக்குள் பயணம். விமானம் அரை நாள் தள்ளிப் போனாலும் ரிப்போர்ட் காலாவதியாகிவிடும், மறுபடி மூக்கில் குச்சி, மறுபடி பணம். திரிபுவன் விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் என் ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்த நேரத்தில் பேனா முனையை வைத்து, விரல்விட்டு மணிக்கணக்கை எண்ணினார். அப்புறம் பாஸ்போர்ட்டைப் புரட்டி இந்திய முத்திரையின் தேதியிலிருந்து நாட்களை எண்ணினார். மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். எனக்குப் பின்னால் வரிசையில் யாரும் பேசவில்லை.

அந்த வரிசையில் பாய் இல்லை. அவருக்கு பாசிட்டிவ். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நோன்புகூட விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் வந்த இரவே அவரை மாடியில் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று நாங்கள் தயங்கியபோது உள்ளேயிருந்தே சத்தம் போட்டார். "தம்பிகளா, என்னைப் பார்த்துக்கிட்டு நின்னா உங்க 72 மணி நேரமும் போயிரும். கெளம்புங்க. நான் அடுத்த ஃப்ளைட்ல வாரேன்."

அவர் சொன்ன அந்த அடுத்த விமானம் வரவே இல்லை. ஏப்ரல் 28 நள்ளிரவு முதல், நேபாளத்தை இடைவழியாக வைத்து வேறு நாட்டுக்குப் போகும் வெளிநாட்டினருக்கு அனுமதியில்லை என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறை அறிவித்தது. மறுநாள் காத்மாண்டு பள்ளத்தாக்கில் ஊரடங்கு. மே முதல் வாரத்தில் வெளிநாட்டு விமானங்களும் நின்றன. நேபாளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அங்கேயும் ஆக்சிஜன் இல்லாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் பேக்கேஜ் விற்றவர், "ரூல் மாறினா நாங்க பொறுப்பில்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. விதி மாறும் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். துபாயில் அதையே பார்த்தவர்தானே.

பாய் டெல்லி வழியாக ஊருக்குத் திரும்பினார். சௌதியில் இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டவர்கள் நேராக வரலாம் என்று ஆகஸ்டில் ஒரு கதவு திறந்தது. அவர் ஊரில் கோவிஷீல்டு போட்டவர், அதனால் அது அவருக்கு உதவவில்லை. டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேரடியாக வரலாம், 5 நாள் தனிமை என்று ஆன பிறகுதான் ரியாத்துக்கு வந்தார். வந்த வாரமே போய்ப் பார்த்தேன். பழைய வேலை போய்விட்டிருந்தது, வேறு இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார்.

எரெவான் வழியாக ஷார்ஜா

மேலே எழுதியவரின் பாய் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஷார்ஜாவில் நர்ஸ். அப்பாவின் காரியத்துக்காக நாகர்கோவில் வந்தேன். கணவரும் மகளும் ஷார்ஜாவிலேயே இருந்தார்கள். ஏப்ரல் 24 இரவு 11:59 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அமீரகத்தில் தடை என்றார்கள். முதலில் 10 நாள் என்றுதான் சொன்னார்கள். 10 நாள்தானே என்று மகளுக்கு வீடியோவில் நாட்காட்டியைக் காட்டிக் கோடு போடச் சொன்னேன். பிறகு நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு. கொஞ்ச நாளில் அவள் கோடு போடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த மே மாதத்தில் யாருக்கும் நேர்வழி இல்லை. ஐபிஎல் நிறுத்தப்பட்டதும் ஆஸ்திரேலிய வீரர்களே மாலத்தீவில் தங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நானும் மாலத்தீவுதான் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், மே 13 முதல் தெற்காசியர்களுக்கு அதுவும் அடைபட்டது. மிச்சம் இருந்தவை செர்பியா, உஸ்பெகிஸ்தான், ஆர்மீனியா. செர்பியாவுக்கு அப்போது நமக்கு விசா வேண்டாம், ஆனால் டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. ஆர்மீனியாவுக்கு இணையத்திலேயே விசா கிடைத்தது.

தனியாக ஒரு பெண், பேர்கூடக் கேள்விப்படாத ஊர் என்று அம்மா அழுதார்கள். போய்ப் பார்த்தால் ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் தெருவுக்குத் தெரு நம் ஆட்கள். ஒரு அபார்ட்மென்டில் நான், இரண்டு மலையாளச் சகோதரிகள், ஹைதராபாத்தில் இருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண். சமையல் முறைவைத்துச் செய்தோம். பால்கனியில் நின்றால் அராரத் மலை தெரியும். ஆர்மீனியர்கள் தங்கள் மலையாகவே கொண்டாடுகிறார்கள், ஆனால் அது இருப்பது துருக்கி எல்லைக்குள். கீழ்வீட்டுப் பாட்டி அதைக் கையால் காட்டிக் காட்டி என்னவோ சொல்வார். ஒரு வார்த்தையும் புரியாது, இருந்தும் நின்று கேட்பேன். பக்கத்திலேயே தெரியும், போக முடியாது என்பது அப்போது எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லை.

ஜூலை 11 அன்று கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள் மேல் ஒரு சிறுவன் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டான். பதறிப்போனேன். அன்று வர்தவார் பண்டிகை, யார் மேல் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாமாம். வார்டில் பிபிஇ உடைக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்தவள் நான், ஊரிலும் சாவு வீட்டில்கூட யாரும் யாரையும் தொடவில்லை. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்து இன்னொரு வாளியை என்னிடம் கொடுத்தான். திருப்பி ஊற்றினேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை.

அப்புறம், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது திரும்பி வர, துபாய் விசா வைத்திருப்பவர்களுக்கு துபாய் குடிவரவுத் துறையான ஜிடிஆர்எஃப்ஏவின் அனுமதி, ஷார்ஜா போன்ற மற்ற எமிரேட்டுகளுக்கு அமீரக மத்திய அரசு அமைப்பான ஐசிஏவின் அனுமதி. இரண்டும் வேறு வேறு. எங்கள் அபார்ட்மென்டிலேயே இருவருக்கு ஒன்று, இருவருக்கு மற்றொன்று. கைக்குழந்தைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு அனுமதி வந்த பிறகுதான் நாங்கள் யாருமே அன்று சாப்பிட்டோம்.

மெக்சிகோ வழியாக டொராண்டோ

டொராண்டோவுக்குப் படிக்கப் போன என் கதை சின்னது. 2021 ஏப்ரல் 22 முதல் கனடா இந்திய நேரடி விமானங்களை நிறுத்தியது. சுற்றி வருபவர்கள் இந்தியப் பரிசோதனையைக் காட்ட முடியாது, கடைசியாக ஏறும் மூன்றாம் நாட்டில் எடுத்த ரிப்போர்ட்தான் செல்லும். அதனால்தான் கெய்ரோ, பெல்கிரேட், மெக்சிகோ சிட்டி என்று மாணவர்கள் உலகத்தையே சுற்றினார்கள். செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை என்பதால் நான் அந்த வழியைப் பிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து டொராண்டோவுக்கு இப்படி ஒரு பாதை இருக்கும் என்று அப்பா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் நான் இறங்கியதும் பென்சிலால் குறித்தாராம்.

கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு அப்போது 84 நாள் காத்திருக்க வேண்டும். ஜூன் 7 அன்று, வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் 28 நாளுக்குப் பிறகே போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு தளர்த்தியதால்தான் என்னால் ஆகஸ்டில் கிளம்ப முடிந்தது. தடுப்பூசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்ப்பதற்கு அரசின் கோவின் தளத்தில் வழி வந்ததும் அதே சமயத்தில்தான்.

மெக்சிகோ சிட்டியில் பரிசோதனைக்கூடத்தில் முதலில் கொடுத்த ரிப்போர்ட் ஸ்பானிஷில் இருந்தது. கனடாவுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு வேண்டும். மொபைலில் மொழிபெயர்ப்பைக் காட்டி, கையைக் கூப்பிக் கேட்டேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆங்கிலத்தில் மறுபடி அச்சடித்து, முத்திரை வைத்து, பாஸ்போர்ட் எண்ணை என்னையே ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கச் சொன்னார். கல்லூரி ஆரம்பிக்க ஒரு வாரம்கூட இல்லை. என்னோடு படித்த பெண் வீட்டில் பயந்து அனுப்பவில்லை, அவள் செப்டம்பர் 27 முதல் நேரடி விமானம் திறந்த பிறகு, டெல்லி விமான நிலையத்தில் 18 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையோடு வந்தாள். செலவு எனக்கு ஆனதில் பாதிகூட இல்லை, ஆனால் ஒரு செமஸ்டர் தள்ளிப் போனது. எது சரி என்று எங்கள் இருவருக்கும் இன்னும் ஒரே கருத்து இல்லை.

இப்படிச் சுற்றி வந்தவர்கள் பழைய டிக்கெட், போர்டிங் பாஸ், ஓட்டல் பில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள். கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது எந்தெந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். மெக்சிகோவில் இறங்கிய தேதியை எழுத எனக்கு அந்த ஓட்டல் பில்தான் கைகொடுத்தது.