அந்த அறுபதாயிரம் யார் கொடுத்தது?

கஸ்பாக்காரன்:
காலையில் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "வேலூர் மாநகராட்சி ஏழைகளுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்து வீடு கட்டித் தருகிறது. இன்னும் வாடகை வீட்டில் இருப்பவன் சோம்பேறி." குடித்த டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம். இதில் மாநகராட்சிப் பணம் எங்கே இருக்கிறது? நடத்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பழைய குடிசை மாற்று வாரியம்தான், 2021-ல் பெயர் மாறியது. யாரும் கட்டியும் தருவதில்லை. தன் பேரில் இடம் உள்ளவர் தானே கட்டிக்கொள்ள வேண்டும், மானியம் மட்டும் வரும்.

கோட்டைவாசி72:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லித் திட்டவே தைரியம் இல்லையா தம்பி? 60 ஆயிரத்தை மாநிலம் கொடுத்தால் என்ன, மாநகராட்சி கொடுத்தால் என்ன? எல்லாம் ஒரே கஜானா.

கஸ்பாக்காரன்:
ஒரே கஜானா என்றால் இந்த வருஷச் சொத்து வரியைக் கோட்டையில் போய்க் கட்டுங்கள். நம் கோட்டை இல்லை, சென்னைக் கோட்டை.

பேஸ்2_வாசி:
என் அக்கா இதில்தான் கட்டினாள். பணம் மொத்தமாக வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவு என்று நாலு தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டின் முன்னால் அவள் நிற்க, செல்போனில் போட்டோ எடுப்பார்கள். லிண்டல் மட்டத்தில் எடுத்ததில் முகத்தில் நிழல் விழுந்துவிட்டதாம், செல்லாது என்றார்கள். ஷூ கம்பெனியில் இன்னொரு நாள் சம்பளம் போயிற்று. அந்தத் தவணை வர ஐந்து மாதம். நடுவில் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார், தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. இதைப் போய்ச் சோம்பேறி என்கிறீர்களே.

கோட்டைவாசி72:
கதை எல்லாம் சரி. 60 ஆயிரம் வந்ததா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
அதை விடுங்க சார். மாநகராட்சி எல்லைப் பலகையைத் தாண்டி நாலு அடி வைத்தால் ஊராட்சி. அங்கே கலைஞர் கனவு இல்லம் என்று 3.5 லட்சம் கொடுக்கிறார்கள், 360 சதுர அடி வீடு. பலகைக்கு இந்தப் பக்கம் 2.10. சிமெண்ட் மூட்டை என்ன பலகையைப் பார்த்தா விலை சொல்கிறது? 2008-ல் மாநகராட்சி ஆனதற்கு வெடி வெடித்தோமே, அதற்குக் கிடைத்த பரிசு இது.

கோட்டைவாசி72:
பாலாற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர்கள் வேலூர் விஷயத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்:
மாநகராட்சியின் முதல் மண்டலமே நாங்கள்தான். வரி வாங்கும்போது வேலூர், பேசினால் அக்கரையா? இனி ரயிலை உங்கள் கோட்டை அகழியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலாற்று மணல்:
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஊரைச் சொல்வார்கள். காசு இல்லாத மாநகராட்சி என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் 😂

கோட்டைவாசி72:
ஜலகண்டேஸ்வரரை 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குள் வைத்து வழிபாடு தொடங்கியாயிற்று. ஊர் வரலாறு தெரியாதவன் எல்லாம் பழமொழி சொல்ல வந்துவிட்டான். நான் பிறந்தபோது இது ஒன்றுபட்ட வட ஆற்காடு. 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. இரண்டையும் பார்த்தவன் நான். என்னிடம் கணக்குப் பேச வேண்டாம். ஒன்றரையும் அறுபதும் சேர்ந்தால் இரண்டு பத்து. நான் எழுதியதும் இரண்டு பத்து. தப்பு எங்கே?

கஸ்பாக்காரன்:
தொகை தப்பு என்று யார் சொன்னது? கொடுப்பது யார் என்பதுதானே கேள்வி. மாநகராட்சி வாங்குகிற இடம், கொடுக்கிற இடம் இல்லை. 2022-ல் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கும் சொத்து வரி 25 சதவீதம் ஏறியது. அக்காவின் வீடு மாதிரி வீடுகளும் அதில்தான் வரும். 2024-ல் சுயசான்று முறை வந்தது, விண்ணப்பிப்பவரே சான்று கொடுத்தால் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி. நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடு தாத்தா பேரில், பங்காளி ஏழு பேர். ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அனுமதியும் கிடையாது, மானியமும் கிடையாது. வாடகைக்குப் போகலாம் என்றால், டவுனில் வீட்டுக்காரர்கள் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். குடும்பத்துக்கு யார் மாத வாடகைக்குத் தருவார்கள்?

கோட்டைவாசி72:
நானும் மாடியை அப்படித்தான் விட்டிருக்கிறேன். அதில் என்ன குற்றம்? நோயாளிகள் நடுத்தெருவில் படுக்க வேண்டுமா?

பாலாற்று மணல்:
அட, இப்போதுதான் பூனை வெளியே வருகிறது.

கோட்டைவாசி72:
யார் பூனை? நிர்வாகி இதைக் கவனிக்க வேண்டும்.

பேஸ்2_வாசி:
அதே பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக 2024 செப்டம்பரில் வந்த 2.0-வில் மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். நீங்கள் சண்டை போடும் 60 ஆயிரமே பழைய கதை.

கோட்டைவாசி72:
பார்த்தீர்களா! நான் சொன்னதைவிட அதிகம் கொடுக்கிறார்கள். ஆக நான் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

கஸ்பாக்காரன்:
மாநகராட்சியா கொடுக்கிறது???

கோட்டைவாசி72:
மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறார் பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
பேஸ்2, அக்காவுக்கு நாலாவது தவணை வந்ததா?

பேஸ்2_வாசி:
இன்னும் இல்லை. போன வாரம் வந்து திரும்பவும் போட்டோ எடுத்துப் போனார்கள்.

கோட்டைவாசி72:
வந்ததும் பாஸ்புக்கைப் பார்த்து, அதில் 60 ஆயிரம் இருக்கிறதா என்று இங்கேயே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.