வெறும் மாத்திரைக்குப் பயப்படுகிற தம்பிக்கு

மருந்து ஆராய்ச்சியில் சேரலாமா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து நம்மை வைத்துச் சோதனை பண்ணிவிடுவார்களா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் சேர்ந்தவன். மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன்.

எனக்கு அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்னாலும் வலி, சீட்டில் உட்கார்ந்தாலே எரிச்சல். கிளினிக்கில் சிறுநீரில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் ஆன்டிபயாட்டிக்கையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், கடுப்புதான் மிச்சம். பினாங்குத் தீவில் பார்த்த ஸ்பெஷலிஸ்ட்தான், இது நாள்பட்ட புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி, இதில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கிருமியே கிடையாது என்று விளக்கி, அந்தப் பகுதித் தசையைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்தை வைத்து ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, விருப்பமிருந்தால் சேருங்கள் என்றார்.

முதலில் ஒரு கேள்வித்தாள். வலி, சிறுநீர், அன்றாட வாழ்க்கை மூன்றுக்கும் சேர்த்து 43 மார்க், கூடினால் நோய் கூடுதல். என் மகள் வயசு மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் மலாயில் வாசிக்கிறார்: விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலிக்கிறதா, விந்து வெளியேறும்போது வலிக்கிறதா? பெண்டாட்டியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் பாட்டுக்குக் கட்டத்தில் டிக் அடித்தார். இந்த மருந்து பிரஷரை இறக்கும், எழுந்தால் தலை சுற்றலாம், லோரி ஓட்டுகிறவர் ராத்திரியில் போடுங்கள் என்றும் சொன்னார்கள். மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொண்டுபோனால் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணுவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள், எனக்கு வந்தது வெறும் மாத்திரை. ஆனால் என் மார்க் நன்றாகவே இறங்கியிருந்தது! கூட்டாளிகள் இன்னும் கிண்டல் பண்ணுகிறார்கள், பண்ணட்டும். இதே நோய்க்கு அல்ஃபுசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கரை வைத்து நடந்து 2008இல் வெளியான ஆராய்ச்சியில் 272 ஆண்கள், 12 வாரம். மருந்து சாப்பிட்டவர்களிலும் 49.3 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் அதே 49.3 சதவீதம் பேருக்கு அந்த மார்க் நாலாவது குறைந்தது. இவ்வளவு பேரும் நடித்தார்களா என்ன? அப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த மருந்துதான் குணப்படுத்தியது என்று ஊரே நம்பியிருக்கும்.

அதனால் தம்பி, வெறும் மாத்திரைக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வந்துபோன நேரத்தை மட்டும் காட்டும் டைம் ஸ்லிப்தான் கொடுத்தார்கள், மண்டோர் (மேற்பார்வையாளர்) அதை ஏற்றுக்கொள்ளாமல் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்.