புதுப்பிப்பு: தூத்துக்குடி ஃபைபர் படகு

பழைய ஃபைபர் படகு ஒன்று 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின்) மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தாயிற்று. எஞ்சினின் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறுகிற அழுத்தம்) ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது; அது நல்ல அறிகுறி. கியர் ஆயில் மட்டும் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீரைத் தடுக்கிற சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. சரி, சீல் மாற்றிவிடலாம்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் பிரச்சினை. சுத்தியலால் மெல்லத் தட்டினால் கெட்டியான சத்தம் வர வேண்டும்; இங்கே பாதிக்கு மேல் மந்தமாகக் கேட்கிறது. எஞ்சினைப் பிடித்து ஆட்டினால் பலகையே அசைகிறது, போல்ட் ஓட்டையில் ஈரம் கசிகிறது. உள்ளே பிளைவுட் ஊறி அழுகிவிட்டது. ஃபைபரை அறுத்துப் புதுப் பலகை வைக்கிற செலவில் மலிவு என்ற பேச்சே போய்விடும். நடுக்கடலில் எஞ்சின் பிய்த்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படகுக்காரர் எஞ்சினை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டிருக்கிறேன்.