டிபி குணமான அப்பாவுக்கு ஓயாத சளி: எதிர்ப்பு சக்தி குறைவா, மூச்சுக்குழாய் கெட்டதா?

பெரம்பூர் மகன்:
அப்பாவுக்கு 63 வயது. இருபது வருடத்துக்கு முன் டிபி வந்து, ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். இப்போது வருடத்துக்கு நான்கைந்து தடவை பச்சைச் சளி, காய்ச்சல். டிபி கிருமி இல்லை என்று வந்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பழைய தழும்பு, கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்து ‘ப்ராங்கியெக்டேசிஸ்’. இடது பக்கம் சுத்தம். சளி கல்ச்சரில் முதல் முறையாக சூடோமோனாஸ் என்ற கிருமி. சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிர்ப்பு சக்தி போதவில்லை என்று கஷாயப் பொடியோடு வருகிறார்கள். அதை ஏற்றினால் இது நிற்குமா?

அடையாறு மைக்ரோ:
முதலில் கிருமியைப் பாருங்கள். சூடோமோனாஸ் முதல் தடவை தெரியும்போதே ஒழிக்க முயல வேண்டும். விட்டால் பசை போன்ற உறைக்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். அப்புறம் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்யாது. கிருமியைக் கொன்றால் நோய் போகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் வெளியிட்ட முடிவு என்ன? நெரிசலான வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். மருந்துதான் காப்பாற்றியது.

தாம்பரம் பிசியோ:
அந்த ஆய்வை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அதே வைத்தியத்தில் குணமானவர்தானே தம்பியின் அப்பா? கிருமி செத்தது, அது அரித்த குழாய் அப்படியே நின்றுவிட்டது.

நல்ல மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவை போல அசைந்து சளியைத் தொண்டைவரை தள்ளிக்கொண்டே இருக்கும். தூசியும் கிருமியும் அதோடு போய்விடும். சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழையும் தசையும் அழிந்தால் குழாய் தொளதொளத்துப் போகும், சளி தேங்கும். ஸ்கேனையே பாருங்கள். மேல்பகுதியில் தழும்பு இருந்தாலும் உட்கார்ந்தாலே அங்கிருந்து வடிந்துவிடும், தேங்குவது கீழேதான். எதிர்ப்பு சக்தி குறைவென்றால் இடது நுரையீரல் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே ரத்தம்தானே?

மயிலாப்பூர் அக்கா:
அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். என் தம்பிக்கு இரண்டு நுரையீரலிலும் இதே நோய். மூன்று வருடம் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு டாக்டர் கிருமியை எதிர்க்கும் ரத்தப் புரதமான இம்யூனோகுளோபுலின் பார்க்கச் சொன்னார். அதில் ஐஜிஜி என்ற வகை மிகக் குறைவு. அதை ட்ரிப்ஸில் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் காய்ச்சல் குறைந்தது. மூன்று வருடத்தில் கெட்ட குழாய் திரும்ப வராது. அந்த ரத்தப் பரிசோதனையை உங்கள் அப்பாவுக்கும் ஒரு முறை கேளுங்கள்.

தாம்பரம் பிசியோ:
சரி அக்கா, அந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். என் கோபம் பொடி விற்பவர்கள் மேல்தான்.

அடையாறு மைக்ரோ:
குழாய் கெட்டதால் கிருமி வந்தது என்பதோடு நிறுத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சூடோமோனாஸ் விடும் பயோசயனின் என்ற நிறமி அந்த மயிரிழைகளையே மந்தமாக்கும். கிருமியைத் தேடி வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் நொதியைக் கொட்டும். அது எலாஸ்டினைக் கரைத்துவிடும். குழாய் இன்னும் விரியும், கிருமிக்கு இன்னும் இடம் கிடைக்கும். 1986இல் பீட்டர் கோல் என்ற மருத்துவர் விவரித்த சுழல் இதுதான். ஆக, அங்கே எதிர்ப்பு அணுக்களுக்குப் பஞ்சமில்லை, அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கின்றன. இந்த நோய்க்கென்றே 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரென்சோகாட்டிப் கூட அந்த நொதிகளை அடக்கும் மருந்துதான்.

தாம்பரம் பிசியோ:
இதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆன்டிபயாடிக் கொடுங்கள், கூடவே சளியையும் எடுங்கள். உப்புநீர் நெபுலைசர் வைத்துவிட்டு, வலப்பக்கம் மேலே இருக்கும்படி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லலாம். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சளியில் ரத்தம் வருகிறதா? வந்தால் தலையைத் தாழ்த்தவே வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பெரம்பூர் மகன்:
ரத்தம் இல்லை. ஐஜிஜி பரிசோதனையை வியாழக்கிழமை கேட்கிறேன். ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. இடப்பக்கம் புரண்டாலே இருமல் வருகிறது என்று அப்பா பல வருடமாக வலப்பக்கமாகவே படுக்கிறார்.

தாம்பரம் பிசியோ:
அந்த இருமல் வந்தால் சளி வடிகிறது என்று அர்த்தம், தம்பி. இத்தனை வருடமும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். வியாழக்கிழமை இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.