வியாழன் சத்தம் கேட்க அம்பை, களக்காடு பக்கம் யாராவது இடம் தர முடியுமா?

வணக்கம். நான் ராதாபுரம் பக்கம். வியாழன் கோளிலிருந்து வரும் ரேடியோ அலைகளை 20.1 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கப் பார்க்கிறேன். இரண்டு பனைக்கு நடுவே ஏழு மீட்டர் செம்புக் கம்பியில் ஆன்டெனா, கீழே சிற்றலை ரேடியோ, அவ்வளவுதான்.

வியாழனை 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் அயோ நிலா அதன் காந்தப்புலத்தின் ஊடே போகும்போது பெரிய மின்னோட்டம் உண்டாகி, எலக்ட்ரான்கள் கோளின் துருவப் பக்கம் பாய்ந்து இந்த அலைகள் எழுகின்றன. அயோ குறிப்பிட்ட கோணங்களில் நிற்கும்போது அவை நமக்கு எட்டும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று 1964-லேயே பிக் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார். ஒரு நிலா அங்கே நகர்வது இங்கே ரேடியோவில் கேட்கும் என்றால் சும்மா இருக்க முடியுமா!

ஆனால் இங்கே சுற்றிலும் காற்றாலை, மின்கம்பி, பம்ப்செட், இரவெல்லாம் கரகர இரைச்சல். வியாழனின் நீள வெடிப்பு கடலலை மாதிரி ஏறி இறங்கும், குறு வெடிப்பு படபடவென்று பொரியும் என்கிறார்கள். எனக்குக் கேட்பது எது என்று பிரிக்கவே முடியவில்லை.

மலையடிவாரத்தில் மின்கம்பி இல்லாத தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரி இடம் தந்தால் போதும். இன்னொரு ரேடியோ வைத்திருப்பவர் அதே நேரம் வேறு ஊரில் பதிவு செய்தால் இன்னும் நல்லது, இரண்டிலும் ஒரே நொடியில் வருவதை நம்பலாம். அப்புறம், அயோவின் கோணத்தை நம்ம நேரத்துக்குக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லித் தாருங்கள்.